எது எடுத்தால் யூஸ் ஆகும், மேடம்?

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெறும் எலெக்டிவ் பட்டியலைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே பிள்ளைகள் வந்து நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். ரிசர்ச்சா, கிளினிக்கலா என்று ஆளுக்கொரு விதமாகச் சுற்றி வளைத்தாலும் கேள்வி ஒன்றுதான்: "எது எடுத்தா யூஸ் ஆகும், மேடம்?" யூஸ் என்றால் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்கு. அது 200 கேள்விகள் கொண்ட பரீட்சை, எலெக்டிவுக்கு அங்கே ஒரு மார்க்கும் கிடையாது என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஆனாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். அந்த ஆசை போனால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

நாங்கள் எம்.பி.பி.எஸ். படித்தபோது இந்தக் குழப்பமே இல்லை. எந்தத் துறையில் பயிற்சிக்குப் போட்டார்களோ அந்தப் போஸ்டிங்குக்குப் போனோம், வந்தோம். 2019-இல் புதிய பாடத்திட்டம் வந்தபோதுதான் எலெக்டிவ் என்ற ஒன்று நுழைந்தது. அப்போது இரண்டு மாதம். 2023 வழிகாட்டுதலில் அது ஒரு மாதமாகச் சுருங்கிவிட்டது. அடிப்படைப் பாடத்தின் ஆய்வகத்திலோ நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியிலோ ஒரு பாகம், நோயாளிகளைப் பார்க்கும் துறையில் இன்னொரு பாகம். 75 சதவீத வருகையும், செய்த வேலையைப் பதிந்த லாக் புக்கும் இல்லாவிட்டால் ஃபைனல் எழுத முடியாது. இரண்டும்தான் உண்டே, அப்புறம் என்ன தேர்வு என்று கேட்கலாம். நடைமுறையில் ஒன்றில்தான் மனசு இருக்கும். மற்றது கையெழுத்துக்கு.

நான் பொது மருத்துவத் துறையில் இருப்பவள். என்னிடம் இரண்டு வகைப் பிள்ளைகளும் வருவார்கள். அதனால் ஒரே நோயை வைத்தே சொல்கிறேன்.

மழை பிடித்தால் எங்கள் வார்டில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வர ஆரம்பிக்கும். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு உண்டாகும், எஸ்கார் என்போம். சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும். அதைக் கண்டுவிட்டால், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்கிவிடலாம். ஆனால் அது வலிக்காது. அக்குள், இடுப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி, தொடை இடுக்கு என்று ஒளிந்த இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும்.

எலெக்டிவுக்கு வந்த ஒரு பையனை நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவிடம் அனுப்பினேன். காய்ச்சல், தலைவலி, லேசான இருமல். "உடம்புல எங்கயாவது புண்ணு இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறான். "இல்ல கண்ணு." வந்து, எஸ்கார் இல்லை என்று எழுதிவிட்டான். திரையை இழுத்து, சிஸ்டரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, பாவாடை நாடாவைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தோம். நாடா இறுகிய தடத்திலேயே இருந்தது. சிவந்த விளிம்பு, நடுவே கறுப்புப் பொருக்கு. அந்த அம்மாவே அதை அப்போதுதான் பார்க்கிறார். கிளினிக்கல் எலெக்டிவ் என்றால் இதுதான். வழக்கமான போஸ்டிங்கில் ஒரு படுக்கையைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்பார்கள், திரை இழுக்க யாருக்கும் நேரம் இருக்காது. எலெக்டிவில் ஒருவரோ இருவரோதான்.

அதே நோயை எங்கள் துறை பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு மாணவி வந்தாள். வேலை, மருத்துவமனையின் பழைய பதிவுகளை வைத்திருக்கும் எம்.ஆர்.டி.யில். தூசி, ஓடாத மின்விசிறி, கயிறு கட்டிய கட்டுகள். ஒவ்வொரு ஷீட்டாகப் பிரித்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். முதல் நாள் மாலை அவள் காட்டிய தாளில் எஸ்கார் என்ற பத்தி முழுக்க 'இல்லை, இல்லை' என்றே இருந்தது. கேஸ் ஷீட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். எதுவும் எழுதவில்லை, அதனால் இல்லை என்று போட்டேன் என்றாள். உண்டு, தேடியும் இல்லை, எழுதவே இல்லை என்று மூன்றாகப் பிரித்து மறுபடி ஏற்றச் சொன்னேன். நிரம்பி வழிந்தது மூன்றாவதுதான்.

சில நாளில் கோபமாக வந்தாள். "பெண்கள் வார்டு ஷீட்லதான் மேடம் நிறைய காலியா இருக்கு. அங்க எஸ்கார் வர்றதில்லையா, இல்ல யாரும் பாக்கறதில்லையா?" நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி. ஆண் பயிற்சி மருத்துவர்கள் கூச்சப்படுகிறார்களா, அட்மிஷன் நாள் நெரிசலில் திரை கிடைப்பதில்லையா, பழைய ஷீட்டிலிருந்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதற்கு இன்னோர் ஆய்வு வேண்டும். அவளுக்கு அது பிடிபட்டதே போதும் என்றிருந்தது எனக்கு. அந்தப் பயிற்சி மருத்துவர்களை, அதாவது ஹவுஸ் சர்ஜன்களை, திட்டித் தீர்த்தவளிடம், சீக்கிரமே நீயும் ஹவுஸ் சர்ஜன்தான் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

ரிசர்ச் என்றாலே எலியும் மைக்ரோஸ்கோப்பும் என்று நினைத்து ஒதுங்குகிறவர்களுக்குச் சென்னையின் காசநோய் ஆய்வைச் சொல்வேன். 1956-இல் தொடங்கியது. காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் படுக்க வைத்து மருந்து கொடுப்பதும், நெரிசலான ஏழை வீடுகளிலேயே வைத்துக் கொடுப்பதும் ஒரே அளவுக்குக் குணம் தருமா என்பதுதான் கேள்வி. தரும் என்று 1959-இல் முடிவு வந்தது. உலகம் முழுவதும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட அது வழி திறந்தது. ஸ்க்ரப் டைபஸிலும், நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினா, அசித்ரோமைசினா, இரண்டும் சேர்த்தா என்று நாங்கள் ரவுண்ட்ஸில் வாதாடிக்கொண்டிருந்ததற்கு, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் பதில் தந்தது. சேர்த்துக் கொடுத்தால் சிக்கல்கள் சீக்கிரம் தீர்கின்றன. இறப்பு விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிகிற பிள்ளைதான் எனக்குப் பிடித்த பிள்ளை.

ஆனால் ஒரு பாகத்துக்குக் கிடைக்கும் பதினைந்து நாளில் புதிதாக ஓர் ஆய்வைத் தொடங்கி முடிக்க முடியாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கவே அதைவிட அதிக நாள் ஆகும். அதனால்தான் 'மருத்துவ மாணவர்களின் தூக்கமும் செல்போனும்' என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்மைத் தட்டிவிட்டு, அதை ஆராய்ச்சி என்கிறார்கள். எத்தனை தூக்கக் கணக்கெடுப்புகள்! அவற்றை நிரப்பித்தான் பிள்ளைகளுக்குத் தூக்கம் போகிறதோ என்னவோ. அமெரிக்கா போக நினைப்பவர்கள் இதில் கூடுதல். அங்கே மருத்துவராக எழுத வேண்டிய யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் முதல் படி 2022-இல் மார்க் இல்லாமல் வெறும் தேர்ச்சி, தோல்வி என்று மாறியதிலிருந்து, பேர் வந்தால் போதும், ஏதாவது ஒரு பேப்பர் கிடைக்குமா என்று கேட்டு வருகிறார்கள். பதினைந்து நாளில் பேப்பர் கிடையாது. நிஜமாகவே சொந்தக் கேள்வி இருக்கிறவர்களுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்திவரும் குறுகியகால மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. இரண்டு மாதம், உதவித்தொகையும் உண்டு. நல்ல வழிகாட்டியைப் பிடித்து முன்கூட்டியே எழுதத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, பாகம் எதுவானாலும் பாடத்தைவிட ஆளைப் பார்த்து எடுங்கள் என்பேன். அந்த சார் மதியத்துக்கு மேல் துறையில் இருப்பாரா, கூட உட்காருவாரா, ரிசர்ச் என்றால் வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று சீனியர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கிளினிக்கலில், போஸ்டிங்கில் நின்ற துறையையே மறுபடி எடுப்பது வீண். ரத்த வங்கி, ஐ.சி.யூ., அவசரச் சிகிச்சைப் பிரிவான கேஷுவாலிட்டி இவற்றில் ஒன்றைப் பாருங்கள். விண்ணப்பத்தில் இரண்டாவது விருப்பத்தைக் காலியாக விடாதீர்கள். கேஷுவாலிட்டி இடங்கள் முதல் நாளே நிரம்பிவிடும்.