விக்கியிலிருந்து ஆவணங்களை வெளியே எடுக்கப் பட்ட பாடு

நள்ளிரவில் தரவுத்தளம் செயலிழந்தபோது, பணியில் இருந்த சக ஊழியர் எங்கள் ஆவணத் தளமான விக்கியில் கண்ட மீட்பு வழிமுறையைப் பார்த்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக இட்டார். அந்தப் பக்கம் முந்தைய பதிப்புக்காக எழுதப்பட்டது என்பது, மூன்றாவது கட்டளை பிழை காட்டிய பிறகே தெரிந்தது. நிரல் மாறிக்கொண்டே இருக்க, ஆவணம் வேறோர் இடத்தில் யாரும் தொடாமல் கிடந்ததுதான் காரணம் என்பதால், இனி ஆவணங்களும், மாற்றங்களைப் பதிவுசெய்து காக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் நிரலுடனேயே இருக்க வேண்டும் என ஒரே கூட்டத்தில் முடிவெடுத்தோம்.

ஆவணங்களை எழுதி வெளியிட எந்தக் கருவி என்பதில்தான் தவறினோம். தேடல் வசதியையும் பக்கங்களின் தோற்றத்தையும் வாரக்கணக்கில் ஒப்பிட்ட நாங்கள், ஏற்கெனவே இருக்கும் பக்கங்கள் விக்கியிலிருந்து எந்த நிலையில் வெளிவரும் என்று ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

விக்கி கொடுத்தது எச்டிஎம்எல் எனும் இணையப் பக்க வடிவக் கோப்புகளின் மூட்டை. வெறும் உரையைப் பான்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவி, நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்த மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவத்துக்குச் சிக்கலின்றி மாற்றிவிட்டது. ஆனால் பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகள் பழைய பக்க எண்களையே சுட்டின. திருத்த வரலாறு வரவே இல்லை. எல்லாவற்றையும்விட மோசமானது, எச்சரிக்கைப் பெட்டிகள் சாதாரணப் பத்திகளாக மாறியதுதான். பயன்பாட்டில் உள்ள சேவையகத்தில் இதை இயக்கக் கூடாது என்ற வரி, மற்ற வரிகளோடு கலந்து கண்ணில் படாமல் போயிற்று. அவற்றையெல்லாம் பழைய பக்கங்களோடு ஒப்பிட்டுக் கையால்தான் சரிசெய்தோம்.

அடுத்து அட்டவணைகள். 2004இல் வெளிவந்த மூல மார்க்டவுனில் அட்டவணைக்கான குறியீடே கிடையாது. பின்னர் வந்த நீட்டிப்புகளில் பெரும்பாலானவை கட்டங்களை இணைக்க இடம் தருவதில்லை. எங்கள் அமைவு அட்டவணைகளிலோ இணைந்த கட்டங்களே அதிகம். இரண்டு வார உழைப்பை ஒதுக்கிவிட்டு, அத்தகைய அட்டவணைகளை ஏற்கும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற குறியீட்டு வடிவத்துக்கும், அதிலிருந்து ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவிக்கும் மாறினோம். கருவியைத் தேர்வு செய்யும் முன், உங்களிடம் உள்ளவற்றிலேயே மிகச் சிக்கலான ஐந்து பக்கங்களை முழுமையாக மாற்றிப் பாருங்கள். எளிய பக்கம் எந்தக் கருவியிலும் அழகாகத்தான் தெரியும்.

கோப்புப் பெயர்களை முதல் நாளிலிருந்தே சிறிய எழுத்துகளில் வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாத எங்கள் கணினிகளில் சரியாகத் தெரிந்த படங்கள் லினக்ஸ் சேவையகத்தில் காணாமல் போயின. இப்போது ஸ்ஃபிங்க்ஸ் தரும் எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கருதும்படி அமைத்துவிட்டதால், விடுபட்ட படத்தோடு எதுவும் வெளியாவதில்லை.

மாற்றம் முடிந்த பின், வாடிக்கையாளர் உதவிக் குழுவினரிடமிருந்து திருத்தங்களே வரவில்லை. பிழைகள் குறைந்துவிட்டன என்று நாங்கள் நம்பியிருக்க, தங்களுக்குக் களஞ்சிய அனுமதியே இல்லை என்றும் கிட் பழக்கமில்லை என்றும் அவர்களில் ஒருவர் சொன்னபோது உண்மையிலேயே வருந்தினேன். அவர்களை முதல் கூட்டத்திலேயே அழைத்திருக்க வேண்டும். அனுமதி வாங்கிக் கொடுத்து, உலாவியிலேயே கோப்பைத் திருத்தும் இணைப்பை ஒவ்வொரு பக்கத்திலும் சேர்த்தோம். அவ்வழியே அவர் அனுப்பிய முதல் திருத்தம் அந்தத் தரவுத்தள மீட்புப் பக்கத்துக்குத்தான்: எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை முதல் வரியிலேயே சேர்த்திருந்தார்.