நீலம் போன பெட்ரோல்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஏர்போர்ட்டில் வேலை என்று சொன்னால், "அப்போ ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துப் போக வசதிதான்" என்பார்கள். நான் வேலை பார்த்தது அந்த ஏர்போர்ட் இல்லை. நகரின் கிழக்குப் பக்கம், ஈஸ்ட்ரிட்ஜ் மாலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரீட்-ஹில்வியூ. சான்டா கிளாரா கவுன்டி, அதாவது அங்கத்திய மாவட்ட நிர்வாகம், 1961-ல் வாங்கிய சின்ன விமான நிலையம். ஏறக்குறைய 3,100 அடியில் பக்கம் பக்கமாக இரண்டு ஓடுபாதைகள், ஒரு கன்ட்ரோல் டவர். டிக்கெட் கவுன்ட்டரும் கிடையாது, பெட்டி சுற்றிவரும் பெல்ட்டும் கிடையாது. வருவதெல்லாம் செஸ்னா, பைப்பர் மாதிரி குட்டி விமானங்கள். ஓட்டப் பழகுகிறவர்கள் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கிய வேகத்திலேயே மறுபடி ஏறுவார்கள். நாள் முழுக்க இதுதான். சுற்றிலும் வீடுகள்.

என் வேலை பெட்ரோல் போடுவது. காலையில் முதல் காரியம், லாரி டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பது. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும். தரையில் அது கொஞ்சம் தண்ணீர்தான், ஆயிரம் அடி உயரத்தில் இன்ஜின் நின்றுபோக அது போதும். விமானத்துக்குப் பக்கத்தில் போனதும் எர்த் வயர். கிளிப்பை மாட்டிய பிறகுதான் டேங்க் மூடியில் கை வைக்க வேண்டும். செஸ்னா 172-க்கு டேங்க் இறக்கைக்குள்ளே, இறக்கையோ தலைக்கு மேலே. அதனால் ஏணி. "ஃபுல் போடுங்க" என்று எல்லாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கேலன் ஆறு பவுண்டு கனம். நான்கு பெரியவர்கள் ஏறினால் டேங்கை நிரப்ப முடியாது. ஆளா பெட்ரோலா என்று பைலட் காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் அளவு சொல்வார்.

அந்த பெட்ரோல் நல்ல நீலமாக இருக்கும். 100 எல்எல். எல்எல் என்றால் 'லோ லெட்', குறைந்த ஈயம். குறைவு என்று பெயர்தானே தவிர, கேலனுக்கு இரண்டு கிராம் வரை ஈயம் உண்டு. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ஈய பெட்ரோல் அமெரிக்காவில் 1996-லும் இந்தியாவில் 2000-லும் முடிந்துபோன கதை. குட்டி விமானங்களுக்கு அது தொடர்ந்தது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்தால் இன்ஜின் சிதைந்துவிடும். அதைத் தடுக்க ஈயம் மலிவான வழி. வேறு வழி தேடும் அவசரம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

கவுன்டி ஏற்பாடு செய்த ஆய்வு ஒன்று 2021-ல் வந்தது. 2011 முதல் 2020 வரையான குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைகளை வைத்துப் பார்த்ததில், ஓடுபாதைக்கு அருகில் வசிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே ஈய பெட்ரோல் விற்பனை நின்றது. பதிலுக்கு வந்தது ஈயமில்லாத 94 யூஎல். ஜாடியைத் தூக்கிப் பார்த்தால் நீலம் இல்லை. கொஞ்ச நாள் கண்ணுக்கு அது பழகவே இல்லை.

172 மாதிரிப் பயிற்சி விமானங்கள் பலவற்றுக்கு 94 போதும். அந்த எண் ஆக்டேன், பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு. அதிக அழுத்தத்தில் ஓடும் பெரிய இன்ஜின்களுக்கு 100 ஆக்டேன் வேண்டும். "இல்லை சார்" என்று நான் சொன்னதும் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே! வேறு ஏர்போர்ட்டுக்குப் போய்த்தான் அவர்கள் நிரப்ப வேண்டியிருந்தது. மாற்று கைக்கு வருவதற்குள் பழையதை நிறுத்தினால், யாராவது தெரியாமல் 94-ஐ ஊற்றிக்கொண்டு ஆபத்தில் மாட்டுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் மாற்று வரும் வரும் என்று பல வருடம் காத்திருந்தது பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அல்லவா? நான் கவுன்டி பக்கம்தான். சம்பளம் ஓடுபாதையிலிருந்து வந்தாலும்.

அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தத் தடையை விசாரிக்கத் தொடங்கியது. மத்திய மானியம் வாங்கிய விமான நிலையத்துக்கு நிபந்தனைகள் உண்டு. அந்தக் கட்டு 2031 வரை. அதனால்தான், நிலையத்தையே மூடிவிட விரும்பிய கவுன்டியாலும் நினைத்தவுடன் மூட முடியவில்லை. 2024 கடைசியில் ஈயமில்லாத 100 ஆக்டேனும் அங்கே விற்பனைக்கு வந்துவிட்டது. அப்புறம் மூடுவதற்கு என்ன காரணம் மிச்சம் என்று பைலட்டுகள் கேட்கலாம். காரணம் நிலம். சான் ஹோசே வீட்டு விலையில், நகருக்குள் அவ்வளவு பெரிய சமதளத்தைச் செஸ்னாக்களுக்கு விட்டுவைக்க கவுன்டிக்கு மனசு வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.