கழி முனையில் கத்தி

இன்று மாலை தெருநாயை விரட்டக் கிளம்பிய பக்கத்து வீட்டுச் சிறுவன், தன்னைவிட உயரமான ஒட்டடைக் கம்பை இரு கைகளாலும் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றான்.

1765 ஜனவரியில், பிரான்சின் ஜெவோதான் மலைநாட்டில் ஆட்களைக் கொன்று தின்றுவந்த மர்ம விலங்கு பாய்ந்தபோது, ழாக் போர்த்ஃபே என்ற சிறுவனும் உடன் மாடு மேய்த்த பிள்ளைகளும் இப்படித்தான் நின்றிருப்பார்கள். அவர்களிடம் இருந்தவை முனையில் கத்தி பொருத்திய கழிகள் மட்டுமே. விலங்கு கவ்விச் சென்ற தோழனைத் துரத்திக் குத்தி மீட்டார்கள்.

செப்டம்பரில் அரசரின் ஆள் பெரிய ஓநாய் ஒன்றைச் சுட்டார். அது பாடம் செய்யப்பட்டு அரசரின் வெர்சாய் அரண்மனைக்குப் போனது, அரண்மனையைப் பொறுத்தவரை கதை முடிந்தது. ஆனால் டிசம்பரில் அந்த மலைநாட்டில் மீண்டும் தொடங்கிய தாக்குதல்கள், 1767 ஜூனில் உள்ளூர்க்காரர் ழான் ஷஸ்தெல் சுட்ட பிறகே ஓய்ந்தன.

அது ஓநாயா, வேறு ஏதாவதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கென்னவோ, அத்தனைக்குப் பிறகும் மாடு மேய்க்கப் பிள்ளைகளையே அனுப்பினார்கள் என்பதுதான் உறுத்துகிறது.