கை நிமிர்ந்தால் மட்டும் போதுமா?
வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்த இளம் டாக்டர். அப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

அந்த வழியைக் காட்டிய சிஎம்சி அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இன்னொன்றையும் கவனித்தார். கை சரியாகி ஊருக்குப் போனவருக்கு யாரும் வேலை தரவில்லை. கை நன்றாகத்தானே இருக்கிறது என்று பிச்சையும் விழவில்லை! அதனால்தான் வளாகத்திலேயே 'நியூ லைஃப் சென்டர்' வந்தது. தச்சு வேலை, மரபொம்மை செய்வது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டார்கள். தொழுநோயால் உணர்ச்சியில்லாமல் போன விரலில் சுத்தியல் பட்டாலும் வலிக்காது. ஆகவே காயம் படாமல் கருவியைப் பிடிப்பதே தனிப் பாடம். கிறிஸ்தவ மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த அக்கறைதான். ஜெபம் செய்துவிட்டு, நோயாளியின் பிழைப்பைப் பற்றியும் யோசித்தார்கள்.

மேரி அம்மா முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இன்றும் இயங்குகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு வீட்டோடு முடங்கிய யாரையாவது தெரிந்தால், தயவுசெய்து அந்த வீட்டில் இந்த மையத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.