ஓரல்ஸில் மெத்தனால் கப்பலைப் பற்றிக் கேட்டால்

லீவில் மயிலாடுதுறை வீட்டில் உட்கார்ந்துதான் கப்பல் இன்ஜினியர்களுக்கான கிளாஸ் டூ ஓரல்ஸுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் படித்தேன். காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்துத் தம்பிகள் மெத்தனாலில் ஓடும் கப்பல் பற்றிய பகுதியை எப்படிப் படிப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எரிவாயு, எளிதில் தீப்பிடிக்கும் எரிபொருள் ஆகியவற்றில் ஓடும் கப்பல்களுக்கான ஐஜிஎஃப் கோடு 2017 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் அதன் விரிவான விதிகள் இயற்கை எரிவாயுவுக்கானவை. மெத்தனாலுக்கு, ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2020 டிசம்பரில் தந்த சர்க்குலர் 1621-ஐத்தான் எடுக்க வேண்டும். பத்தி எண்களை உருப்போடாதீர்கள். மெத்தனாலின் குணம் தெரிந்தால் விதி பின்னாலேயே வரும்.

ஃபிளாஷ்பாயின்ட், அதாவது ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 12 டிகிரி செல்சியஸ். சாதாரண எரிபொருளுக்கு கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தமான சோலாஸ் கேட்பது குறைந்தது 60. வயலில் பீடியும் வாயுமாக இன்ஜினுக்கு டீசல் ஊற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மெத்தனாலிடம் அந்தத் தைரியம் செல்லாது. நம் ஊர் வெயிலில் டாங்கின் காலி இடத்தில் காற்று இருந்தால், அங்கே உள்ள ஆவி தீப்பிடிக்கும் வரம்பில்தான் நிற்கும். அதனால்தான் அங்கே காற்றுக்குப் பதில் நைட்ரஜன்.

அடுத்து காஃபர்டேம், அதாவது டாங்குக்கும் மற்ற இடங்களுக்கும் நடுவே விடும் காலி அறை. டாங்கைச் சுற்றி வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எங்கே வேண்டாம் என்பதுதான் கேள்வி. மிகக் குறைந்த நீர்மட்டத்துக்கும் கீழே உள்ள ஷெல் பிளேட் (கப்பலின் வெளித்தகடு), பக்கத்து மெத்தனால் டாங்க், எரிபொருளை இன்ஜினுக்குத் தயார்செய்யும் ஃபியூயல் பிரிபரேஷன் ஸ்பேஸ், இந்த மூன்று பக்கமும் தேவையில்லை. ஷெல்லுக்கு ஏன் விலக்கு? அங்கே ஒழுகினால் கடலுக்குத்தான் போகும், தண்ணீரில் முழுக்கக் கரைந்துவிடும். சரி, அப்படியானால் ஒழுகியது தேங்கும் அடிப்பகுதியான பில்ஜில் தண்ணீர் விட்டால் போதுமா என்று மடக்குவார்கள். போதாது. கால் பங்கு மெத்தனால் கலந்த தண்ணீரும் எரியும். சாதாரண நுரை அதில் உடைந்துபோகும், ஆல்கஹால் தாங்கும் நுரைதான் வேண்டும். பகலில் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "கள்ளக்குறிச்சியில அத்தனை பேரை வாரிக்கிட்டுப் போச்சே, அதுலயாடா கப்பல் ஓட்டுறாங்க?" என்றார். அதேதான். கப்பலில் எரிபொருள் ஏற்றும் இடமான பங்கர் ஸ்டேஷன் பக்கத்தில் ஷவரும் கண் கழுவும் வசதியும் கேட்பது இந்த விஷத்துக்காகத்தான். இன்ஜின் ரூமில் குழாய் இரட்டைச் சுவர்; நடு இடைவெளியில் மணிக்கு 30 முறை காற்று மாற வேண்டும்.

கிலோவுக்கு டீசலில் பாதி சக்திகூட இல்லாததால் டாங்க் சுமார் இரண்டரை மடங்கு பெரிதாகும். டிசைன் கேள்வி பெரும்பாலும் இதில்தான் தொடங்கும்.

பங்கர் ஸ்டேஷனிலிருந்து இன்ஜின் வரை எரிபொருள் குழாய் லைனை, புத்தகத்தைப் பார்க்காமல் வரையப் பழகுங்கள். நான் கூடத்துச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் வரைவேன். ஒவ்வொரு வால்வையும் போடும்போது, இங்கே ஒழுகினால் ஆவி எங்கே போகும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

உதாரணக் கப்பல் கேட்டால் 2015-ல் மெத்தனாலுக்கு மாற்றப்பட்ட ஸ்டெனா ஜெர்மானிகா, கன்டெய்னர் கப்பலில் 2023-ல் வந்த லாரா மெர்ஸ்க். அதற்கு மேல் பட்டியல் சேர்க்கிற நேரத்தில் இன்னொரு தடவை லைனை வரையலாம்.