நடைக் கால்பந்துக்குத் தேசியச் சங்கம்: பதிவுக்கு முன்னும் பின்னும்

பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன் ஆட்ட விதிநூலை முடித்துவிட வேண்டும். பத்திர வேலையை விட இதுதான் கடினம். 2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில், வயதில் மூத்தவர்களுக்காகத் தொடங்கிய ஆட்டம் நடைக் கால்பந்து. ஓடக் கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். எது ஓட்டம் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் சண்டை வரும்.

"எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. பந்து இல்லாதவருக்கும் இது பொருந்தும் என்று தனி வரியாகச் சேர்க்க வேண்டும். நடுவரின் கண் பந்தின் மேல் இருக்கும். காலி இடத்தைப் பிடிக்க மூன்று எட்டு ஓடுபவர் அவருக்குத் தெரியமாட்டார். ஆகவே பக்கக் கோட்டுக்கு ஒருவராக இரண்டு நடுவர்களை வைத்து, பந்தைத் தாண்டியும் கால்களைப் பார்க்கப் பழக்க வேண்டும். தலை உயரத்துக்கு மேல் பந்து போகக் கூடாது, சறுக்கித் தடுக்கக் கூடாது, மோதக் கூடாது. முட்டியும் இடுப்பும் தாங்காத வயதில் இவற்றில் சலுகையே தரக் கூடாது.

பதிவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது தில்லி, 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம். சட்டப்படி ஏழு பேர் போதும். ஆனால் அகில இந்தியச் சங்கம் என்றால் எட்டு மாநிலங்களிலிருந்து எட்டுப் பேரைக் கேட்பது அங்குள்ள நடைமுறை. பத்துப் பேராகச் சேர்ப்பது நல்லது. எட்டுப் பேரோடு நிறுத்தி, கேரளப் பிரதிநிதி என்று எழுதியவரின் ஆதாரில் பெங்களூரு முகவரி இருந்தால் கணக்கு ஏழாகிவிடும், கோப்பு திரும்பி வரும்.

மெமோரண்டம் (சங்கத்தின் பெயரையும் நோக்கத்தையும் சொல்லும் ஆவணம்), பைலா (சங்கத்தின் உள்விதிகள்), செயற்குழுவினரின் பெயர், முகவரி, தொழில், அடையாளச் சான்றுகள், அலுவலகக் கட்டட உரிமையாளரின் ஆட்சேபனை இல்லாச் சான்று, மின் கட்டண ரசீது, முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் ஆகியவை தேவை. பெயரில் 'தேசிய', 'இந்திய' என்று வந்தால், அரசு ஆதரவு பெற்றது போல் தோன்றுகிறது என்று 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தைக் காட்டி மறுப்பு வரலாம். மாற்றுப் பெயர் இரண்டு கையில் இருக்கட்டும்.

மெமோரண்டத்தின் நோக்கப் பிரிவில் ஆட்டக்காரர்களின் வயது வரம்பையோ அணிக்கு எத்தனை பேர் என்பதையோ எழுதவே கூடாது. நோக்கத்தை மாற்ற வேண்டுமானால் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி ஒரு மாத இடைவெளியில் இரண்டு சிறப்புக் கூட்டங்கள் கூட்டி, இரண்டிலும் ஐந்தில் மூன்று பங்கு வாக்குப் பெற வேண்டும். எட்டு மாநிலத்தாரை இரண்டு முறை கூட்டுவது லேசான காரியமில்லை. அந்த எண்கள் எல்லாம் விதிநூலுக்குப் போகட்டும், செயற்குழுவே திருத்திக்கொள்ளலாம்.

பதிவுச் சான்றிதழ் வேறு, விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் வேறு. சான்றிதழ் வந்ததும் 'அதிகாரபூர்வ தேசிய அணி' என்று ஜெர்சி அடிப்பவர்கள் உண்டு, அது தவறு. அங்கீகாரம் பின்னால் வேண்டுமென்றால் பைலாவில் இப்போதே இடம் விட வேண்டும். 2011ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டு மேம்பாட்டு விதித்தொகுப்பு பொறுப்பாளர்களுக்கு 70 வயதை உச்சவரம்பாக வைத்தது. மூத்தவர்களின் ஆட்டத்தில் தலைவராக வரக்கூடியவர்கள் பலர் அந்த வயதை ஒட்டியே இருப்பார்கள். தேர்தலுக்கு முன் இதைப் பேசித் தீர்த்துவிட்டால் மனக்கசப்பு மிஞ்சாது.

அடுத்து பான் அட்டை, வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்று தீர்மானம் போட்டு மினிட்ஸில் (கூட்டக் குறிப்பேட்டில்) ஏற்ற வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு முடிந்த 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பொருளாளரோடு சேர்த்து இன்னொருவரையும் இதற்குப் பொறுப்பாக்குங்கள்.