எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தீ பிடித்தால் யாரைக் கூப்பிடுவது?

2025 ஜூலையில் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களைச் சேர்ந்த ஆறு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் வாஷிங்டனில் இருந்த கனடியத் தூதுவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உங்கள் காட்டுத்தீப் புகையால் எங்கள் மக்கள் கோடையை அனுபவிக்க முடியவில்லை, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் அந்த வருடம் தீயில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள், ஃப்ளின் ஃப்ளொன் என்ற ஊரையே காலி செய்ய வேண்டி வந்திருந்தது. அந்த மாகாண முதல்வர் வாப் கினூ கொதித்துப் போனார், எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தக் கடிதம் போன நாட்களில் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் மானிட்டோபாக் காட்டுக்குள் நம் கனடிய ஆட்களோடு நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியவில்லை. நான் எழுத நினைத்தது அவர்களைப் பற்றித்தான்.

இந்த ஏற்பாடு பழையது. 1947இல் அமெரிக்காவின் மெயின் மாநிலம் மோசமாக எரிந்தது, அதற்குப் பிறகு 1949இல் வடகிழக்கு மாநிலங்கள் ஒன்றுக்கொன்று ஆளும் கருவியும் அனுப்ப ஒரு உடன்படிக்கை செய்துகொண்டன. இன்று கனடிய மாகாணங்களான கியூபெக், நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா எல்லாம் அதில் இருக்கின்றன. 1982இல் இரு நாட்டு அரசுகளும் காட்டுத்தீ உதவிக்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டன. அதே வருடம்தான் மாகாணங்களுக்கு இடையே ஆட்களையும் விமானங்களையும் பங்கிட்டுக் கொடுக்கும் மையம் கனடாவில் உருவானது, அது இருப்பது வின்னிபெக்கில். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் மையம் ஐடஹோவின் பாய்ஸியில் இருக்கிறது. ஒரு மாகாணத்துக்கு ஆள் போதவில்லை என்றால் வின்னிபெக்கைக் கேட்கும், நாடு முழுக்கத் தேடியும் போதவில்லை என்றால் வின்னிபெக் பாய்ஸியைக் கேட்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் மறுநாளே வேலையில் இறங்க முடிவதற்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1970இல் கலிபோர்னியாவில் ஒரே நேரத்தில் பல இடங்களில் தீ பிடித்து 16 பேர் இறந்தார்கள். உதவிக்கு வந்த பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வானொலி அலைவரிசை, வேறு பதவிப் பெயர்கள், யார் யாருக்குக் கட்டளை இடுவது என்பதே குழப்பம். அதிலிருந்து பிறந்ததுதான் எல்லாருக்கும் பொதுவான ஒரு கட்டளை முறை. இன்று கனடா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா என்று பல நாடுகள் அதையோ அதையொட்டிய முறையையோ பின்பற்றுகின்றன. தென்னாபிரிக்காவின் குவாசுலு நட்டாலிலிருந்து வந்தவர் அல்பேர்ட்டாவில் இறங்கியதும் தன் குழுத் தலைவர் யார், அவருக்கு மேலே யார் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, 2023க்கு வருவோம். மே 11ஆம் தேதியே கனடா தயார்நிலையின் உச்சமான ஐந்தாம் நிலைக்குப் போனது, 120 நாட்கள் தொடர்ந்து அங்கேயே நின்றது. ஐந்தாம் நிலை என்றால் நாட்டுக்குள் இருக்கும் ஆட்கள் எல்லாரும் ஏற்கனவே எங்கோ வேலையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வருடம் எரிந்தது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேயர், தமிழ்நாட்டின் பரப்பை விட அதிகம், இலங்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஜூனில் கியூபெக் புகை ரொறன்ரோவுக்கு வந்து ஸ்காபரோவில் நாங்கள் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தோம், நியூயோர்க் வானம் செம்மஞ்சள் ஆன படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்டில் யெலோநைஃப் நகரத்தின் இருபதாயிரம் பேரும் வெளியேற வேண்டி வந்தது. உதவிக்கு வந்த வெளிநாட்டவர் ஐயாயிரத்துக்கு மேல். அமெரிக்கா, மெக்சிக்கோ, சிலி, கோஸ்டாரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின், போர்த்துக்கல், தென்கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று வந்துகொண்டே இருந்தார்கள். தென்னாபிரிக்க வீரர்கள் எட்மன்டனில் இறங்கி வரிசையாக நின்று பாடி ஆடிய அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஏன் அப்படி எரிந்தது என்று கேட்டால் வெயில் என்று மட்டும் சொல்ல முடியாது. கனடியர்கள் உருவாக்கிய காட்டுத்தீ வானிலைக் குறியீடு என்று ஒன்று உண்டு, நியூசிலாந்தும் ஐரோப்பாவும் கூட அதையே பயன்படுத்துகின்றன. அது தரையின் ஈரத்தை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கிறது: மேலே கிடக்கும் சருகு, அதற்குக் கீழே பாதி மக்கிய படை, அதற்கும் கீழே இறுகிக் கிடக்கும் ஆழமான மக்கு. சருகு ஒரு மழையில் நனைந்து ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். ஆழத்துப் படை காய வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும், திரும்ப நனையவும் அப்படித்தான். குளிர்காலத்தில் பனி குறைவாக விழுந்தால் போன இலையுதிர்காலத்து வறட்சி அப்படியே அடுத்த வசந்தத்தின் கணக்கில் வந்து ஏறும். தீயே கூடப் பனிக்கு அடியில் அந்த மக்குக்குள் புகைந்துகொண்டிருந்து மறு வருடம் மேலே வரும். 2024 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் இப்படிக் குளிர்காலம் முழுக்க உயிரோடு கிடந்தவை நூற்றுக்கு மேல். இந்த மக்குக்கு மேலே நிற்பது கறுப்பு ஸ்புரூஸ் மரம், அடிக்கிளை தரை வரை தொங்கும், உடம்பெல்லாம் பிசின். கீழே பிடிக்கும் நெருப்பு கிளை கிளையாக ஏறி உச்சிக்குப் போய்விடும். வெப்பம் 30 டிகிரிக்கு மேல், காற்றில் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே, காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், இந்த மூன்றும் சேர்ந்த நாளில் முன்னால் நின்று அணைக்க முடியாது, ஆட்களைப் பின்னால் இழுத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு மின்னல் போதும். எரியும் பரப்பில் பெரும்பகுதிக்குக் காரணம் மின்னல்தான், வடக்கே சாலையே இல்லாத இடத்தில் விழும், போய்ச் சேர்வதற்குள் பரவியிருக்கும்.

இந்த உதவி எல்லாமே ஒரு கைமாற்று. எனக்குத் தேவைப்படும்போது உன் கையில் மிச்சம் இருந்தால்தான் அது நடக்கும். இத்தனை காலம் நடந்ததற்குக் காரணம் பருவங்கள் விலகி இருந்தது. நமக்குக் கோடை என்றால் அவுஸ்திரேலியாவுக்குக் குளிர்காலம், அல்பேர்ட்டா மே மாதம் எரிந்தால் கலிபோர்னியா பெரும்பாலும் ஆகஸ்டுக்குப் பிறகு. 2020 ஜனவரியில் அவுஸ்திரேலியா எரிந்தபோது இங்கிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் போனார்கள், கூமா நகருக்கு அருகே விமானம் விழுந்து மூன்று அமெரிக்கர்கள் அங்கே உயிரைக் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது கடல் நீரை அள்ளிக் கொட்டிய மஞ்சள் சிவப்பு விமானங்கள் இரண்டும் கியூபெக்குடையவை. 12 வினாடியில் ஆறாயிரம் லீட்டர் அள்ளும். அதில் ஒன்றின் இறக்கையில் யாரோ விட்ட ட்ரோன் மோதி ஓட்டை போட்டது, சில நாள் பறக்க முடியவில்லை. மெக்சிக்கோவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பதவியேற்கவிருந்த ட்ரம்ப் இரண்டு நாடுகளுக்கும் வரி போடுவேன், கனடாவை 51ஆவது மாநிலம் ஆக்குவேன் என்று பேசிக்கொண்டிருந்த வாரம் அது.

பருவங்களுக்கு நடுவே இருந்த அந்த இடைவெளிதான் இப்போது மூடிக்கொண்டு வருகிறது. 2021 ஜூலையில் கனடாவும் அமெரிக்காவும் ஒரே நேரத்தில் ஐந்தாம் நிலையில் இருந்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி பதிவாகி மறுநாளே ஊர் எரிந்துபோன கோடை அது. பக்கத்து வீட்டிலும் தீ, கேட்க முடியாது. மெக்சிக்கோவிடம் கேட்டோம், இராணுவத்தைக் கூப்பிட்டோம். இராணுவத்தினருக்கு அடங்கிய தீயின் மிச்சங்களைத் தோண்டி அணைக்கும் அளவுக்குத்தான் அவசரப் பயிற்சி கொடுக்க முடியும், முன்வரிசைக்கு அவர்களை அனுப்ப முடியாது. விமானக் கதையும் இப்படித்தான். அள்ளிக் கொட்டும் அந்த விமானத்தைக் கட்டியது கனடா, ஆனால் 2015இல் உற்பத்தி நின்றுபோனது. 2022இல் புதிய மாதிரியை அறிவித்தபோது முதலில் வரிசையில் நின்றவை ஐரோப்பிய நாடுகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016இல் அல்பேர்ட்டாவின் ஃபோர்ட் மக்மரி எரிந்தபோது ஏறத்தாழ 300 தென்னாபிரிக்க வீரர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் வேலையை நிறுத்தினார்கள், கையில் கிடைக்கும் தொகை மிகவும் குறைவு என்று. இங்குள்ள சட்டப்படியான ஊதியம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று அன்றைய அல்பேர்ட்டா முதல்வர் ரேச்சல் நோட்லி சொன்னார், ஆனால் வந்தவர்கள் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். அவர்களில் பலர் வேலையில்லாத இளைஞர்களுக்கான அரசுத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள். நம் வீடுகளைக் காக்க உயிரைப் பணயம் வைக்கும் ஒருவருக்கும் பக்கத்தில் நிற்கும் கனடியருக்கும் அவ்வளவு வித்தியாசம் இருப்பதை நான் எந்த விதத்திலும் ஏற்க மாட்டேன். பாடலையும் ஆடலையும் பகிர்ந்த நாம் இதையும் பேசியிருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கனடாவில் காட்டுத்தீ மாகாணங்களின் பொறுப்பு, தேசியப் பூங்காக்களுக்கான குழுக்களைத் தவிர மத்திய அரசிடம் தனிப் படை கிடையாது. அண்டை நாடு கொடுக்க முடியாத கோடைக்கென்று ஒரு நிரந்தரப் படையும் விமானங்களும் மத்திய அரசின் கையில் வேண்டும், அதே படை மற்ற மாதங்களில் சிலிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகட்டும். ஒன்ராறியோவில் காட்டுத்தீயை அணைப்பவர்கள் பல வருடமாகத் தங்களைத் தீயணைப்பாளர் என்றே வகைப்படுத்தச் சொல்லிக் கேட்டு வந்தார்கள், அவர்களின் பதவிப் பெயர் வளத் தொழில்நுட்பவியலாளர் என்ற மாதிரி இருந்தது. நகரத் தீயணைப்பாளர்களுக்குப் புற்றுநோய் வந்தால் தொழிலால் வந்தது என்று எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு இவர்களுக்கு 2024இல்தான் வந்தது. பருவத்துக்கு மட்டும் வேலை, அனுபவம் சேர்ந்ததும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த தேர்தலில் நம் தமிழ் ஆட்கள் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் கதவைத் தட்டி வாக்குக் கேட்டு வருவார்கள் இல்லையா, அப்போது வீதி, வீட்டு வரியோடு சேர்த்து, வடக்கே எத்தனை தீயணைப்புக் குழு ஆள் இல்லாமல் கிடக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு திரும்ப வரச் சொல்லுங்கள்.